தாடியஸ் ஸ்டீவன்ஸ்: வழக்குமன்றத்தில் உருவான அரசியல்

பென்சில்வேனியா மாநிலம் 1780இல் கொண்டுவந்த படிப்படியான அடிமை ஒழிப்புச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. வெளிமாநிலத்து எஜமானர் தம் அடிமையை அழைத்துவந்து பென்சில்வேனியாவில் ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், அந்த அடிமைக்கு விடுதலை. மேரிலாந்தைச் சேர்ந்த சாரிட்டி பட்லர் என்ற கறுப்பினப் பெண் இந்த விதியை நம்பித்தான் நீதிமன்றம் போனார். சிறு வயதில் தன்னை வைத்திருந்த எஜமானியோடு பல தடவை எல்லை தாண்டி வந்து தங்கியவர் அவர். ஒவ்வொரு தடவையும் தங்கிய நாட்கள் கொஞ்சம்தான். எல்லாவற்றையும் கூட்டினால் ஆறு மாதத்தைத் தாண்டும். சட்டம் சொல்லும் ஆறு மாதம் இடைவிடாமல் இருந்திருக்க வேண்டும், வந்துபோன நாட்களைக் கூட்டிக் கணக்குக் காட்டக்கூடாது என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடினார். 1821இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்றது. சாரிட்டியும் அவர் பிள்ளைகளும் அடிமைகளாகவே இருக்க நேர்ந்தது.

வென்ற வக்கீல் தாடியஸ் ஸ்டீவன்ஸ். அப்போது அவருக்கு வயது 29. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று அமெரிக்க அரசமைப்பில் எழுதிவைத்த பதினான்காவது திருத்தத்தைப் பிரதிநிதிகள் அவையில் முன்னின்று நிறைவேற்றியவரும் இவரே.

ஒரே மனிதரின் இந்த இரண்டு செயல்களுக்கும் இடையில் என்ன நடந்தது என்ற கேள்விக்கு அமெரிக்க வரலாற்றாசிரியர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள். பழிவாங்கும் வெறி என்றார்கள் சிலர். வடக்கத்தித் தொழிலதிபர்களின் கையாள் என்றார்கள் வேறு சிலர். பதவி ஆசை என்று 1942இல் ரிச்சர்ட் கரன்ட் ஒரு வாழ்க்கை வரலாறே எழுதினார். பிறவியிலேயே வளைந்த பாதம் தந்த கசப்பில் காரணம் தேடினார் ஃபான் புரோடி. அவருடைய நூல் 1959இல் வந்தது. இந்த விளக்கங்கள் எல்லாம் ஸ்டீவன்ஸின் மனதுக்குள் எட்டிப்பார்க்க முயல்கின்றன. அவருடைய வக்கீல் தொழிலோ முன்கதையாகச் சுருங்கிப்போகிறது. என் பார்வையில் வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். ஏட்டில் உள்ள உரிமையை ஒரு சொல்லுக்குக் குறுகிய பொருள் கொடுத்தே ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடலாம் என்பதைத் தம் கையாலேயே செய்து பார்த்தவர் அவர். பிற்கால அரசியலில் அவர் கேட்டதெல்லாம், அப்படி ஆக்கமுடியாதபடி உரிமைக்கு ஓர் அடித்தளம் வேண்டும் என்பதுதான்.

ஸ்டீவன்ஸ் 1792இல் வெர்மான்ட் மாநிலத்தின் டான்வில் என்ற ஊரில் பிறந்தார். செருப்புத் தைத்தும் நிலம் அளந்தும் பிழைத்த தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தாய் சாரா உழைத்து நான்கு பிள்ளைகளையும் வளர்த்தார். நொண்டிக் காலோடு வயல்வேலைக்கு ஆகாத மகனை எப்பாடு பட்டாவது படிக்கவைப்பது என்று நின்றார். 1814இல் டார்ட்மத் கல்லூரியில் பட்டம் பெற்று, பென்சில்வேனியாவின் யார்க் நகரில் ஆசிரியராக இருந்துகொண்டே சட்டம் படித்தார் ஸ்டீவன்ஸ். வேறு வேலை பார்த்துக்கொண்டு சட்டம் படிப்பவர்களை யார்க் வழக்கறிஞர்கள் சேர்த்துக்கொள்வதில்லை. எனவே எல்லை தாண்டி மேரிலாந்தின் பெல் ஏர் நகரில் தேர்வில் தேறினார். 1816இல் கெட்டிஸ்பர்க்கில் அலுவலகம் திறந்தார். மறு ஆண்டு ஒரு கொலை வழக்கில் குற்றவாளிக்குப் புத்தி சுவாதீனம் இல்லை என்று வாதாடித் தோற்றார். தோற்றாலும் அந்த வாதம் பெயர் வாங்கித் தந்தது. கட்சிக்காரர்கள் தேடி வந்தார்கள்.

கெட்டிஸ்பர்க் இருந்த ஆடம்ஸ் மாவட்டம் மேரிலாந்து எல்லையை ஒட்டியது. தெற்கே அடிமை முறை, வடக்கே விடுதலைச் சட்டம். எல்லையோரத்து வக்கீலிடம் இரண்டு பக்கத்து வழக்குகளும் வரும். சாரிட்டி வழக்கை இந்தச் சூழலில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் சூழலைக் காட்டி அதன் கறையைக் கழுவிவிட முடியாது. ஆபிரகாம் லிங்கனும் 1847இல் இல்லினாயில் ராபர்ட் மேட்சன் என்ற அடிமை உடைமையாளருக்காக வாதாடினார். அங்கே லிங்கன் தோற்றார், ஜேன் பிரையன்டும் அவர் பிள்ளைகளும் விடுதலையானார்கள். ஸ்டீவன்ஸுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அவர் திறமைசாலி, அதனால் ஒரு குடும்பம் விலை கொடுத்தது.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் அவர் பேச்சு மாறிவிட்டது. 1823இல் சுதந்திர தின விருந்து ஒன்றில், அடுத்து வரும் அதிபர் எந்த மனிதருக்கும் விலங்கு பூட்டாதவராக இருக்க வேண்டும் என்று வாழ்த்துரைத்தார். அதன் பிறகு தப்பியோடிவந்த அடிமைகளுக்காக வாதாடும் வக்கீலாகவே அவரை அந்த வட்டாரம் அறிந்தது. சட்டப் புத்தகம் வாங்க வைத்திருந்த பணத்தைக் கொடுத்து ஓர் அடிமையை மீட்டார் என்ற கதை அவரைப் பற்றிய நூல்களில் தவறாமல் வரும். அந்தக் கதையை நம்பித்தான் இந்த மாற்றத்தைக் காட்ட வேண்டும் என்றில்லை. 1838இல் நடந்ததே போதும். மாநில அரசமைப்பைத் திருத்தக் கூடிய மாநாடு, கறுப்பின ஆண்களின் வாக்குரிமையைப் பறிக்கும் சொற்களைச் சேர்த்தது. மாநாட்டு உறுப்பினரான ஸ்டீவன்ஸ் அந்த ஆவணத்தில் கையெழுத்திட மறுத்துவிட்டார். அடிமை முறையை வெறுத்த வடக்கத்தியர் பலர் இருந்தார்கள். கறுப்பினத்தாருக்குச் சம வாக்கு வேண்டும் என்று நின்றவர்கள் மிகச் சிலர்.

இதற்கிடையே 1833இல், ஃப்ரீமேசன் சங்கத்தின் ரகசியச் செல்வாக்கை எதிர்த்து எழுந்த கட்சியின் சார்பில் அவர் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். அந்தக் கட்சியின் ஆவேசத்தை இன்று படித்தால் களைப்புத்தான் வருகிறது. ஆனால் அதே சட்டமன்றத்தில் 1835 ஏப்ரலில் அவர் ஆற்றிய உரை விரிவாகச் சொல்ல வேண்டியது. முந்தைய ஆண்டுதான் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பள்ளி என்ற சட்டம் வந்திருந்தது. வரி கட்ட வேண்டுமே என்று விவசாயிகள் கொதித்தார்கள்; சட்டத்தை நீக்கக் கோரிய மனுக்களில் முப்பதாயிரம் பேருக்கு மேல் கையெழுத்திட்டிருந்தார்கள். மாநில செனட் நீக்க மசோதாவை நிறைவேற்றிக் கீழவைக்கு அனுப்பிவிட்டது. ஸ்டீவன்ஸை அனுப்பிய வாக்காளர்களிலும் பெரும்பாலோர் சட்டத்துக்கு எதிரி. சட்டத்தின் காவலராக நின்ற ஆளுநர் ஜார்ஜ் வுல்ஃபோ ஃப்ரீமேசன். ஸ்டீவன்ஸின் நேர் எதிரி.

ஸ்டீவன்ஸ் எழுந்து ஒரு வக்கீலுக்கே உரிய முறையில் கேட்டார்: எந்தக் குற்றமும் செய்யாத விவசாயி குற்றவியல் நீதிமன்றத்துக்கும் சிறைச்சாலைக்கும் வரி கட்டுகிறாரே, அவற்றால் அவருக்கு நேரடிப் பயன் என்ன? அதைக் கட்டுபவர், அந்தக் குற்றங்களைக் குறைக்கும் பள்ளிக்குக் கட்ட மாட்டேன் என்பது எப்படிப் பொருந்தும்? ஏழை என்று எழுதிக்கொடுத்தவருக்கு மட்டும் இலவசம் என்ற பழைய ஏற்பாட்டுக்குத் திரும்புவது, ஏழைகளுக்குச் சூடுபோட்டு அடையாளம் வைப்பதற்குச் சமம் என்றார். அவை திரும்பியது. நீக்க மசோதா வீழ்ந்து, பென்சில்வேனியாவின் பொதுப் பள்ளிகள் பிழைத்தன. தம் வாழ்நாளில் தாம் செய்ததிலெல்லாம் இதையே அவர் பெருமையாகக் கருதினார். உயிலிலும் அனாதைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கு 50,000 டாலர் ஒதுக்கி, நிறமோ இனமோ பார்க்காமல் சேர்த்து ஒரே மேசையில் உணவிட வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். அதிலிருந்து வளர்ந்த தொழிற்கல்லூரி லங்காஸ்டர் நகரில் அவர் பெயரோடு இன்றும் நடக்கிறது.

லங்காஸ்டருக்கு அவர் குடிபெயர்ந்தது 1842இல், கடனால். இரும்பு உலைத் தொழிலில் பணத்தைப் போட்டு மாட்டிக்கொண்டவர், கடனை அடைக்கப் பெரிய ஊரில் வக்கீல் தொழில் பார்க்க வேண்டியிருந்தது. அங்கே அவர் வீட்டை நிர்வகித்தவர் லிடியா ஹாமில்டன் ஸ்மித், கலப்பினத்தைச் சேர்ந்த கைம்பெண். இருவருக்கும் என்ன உறவு என்பதில் எதிரிகள் காட்டிய ஆர்வத்தை வாழ்க்கை வரலாற்றாசிரியர்களும் காட்டியிருக்கிறார்கள். தம்மை மரியாதையோடு விளித்த ஒரு வீட்டை இருபதாண்டு நடத்தி, தாமே சொத்து வாங்கி விற்ற பெண்மணி அவர். எனக்கு அந்தச் செய்தியே முக்கியமாகப்படுகிறது. அந்த வீட்டையொட்டிய பழைய நீர்த்தொட்டியை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அகழ்ந்தவர்கள், தப்பிவந்த அடிமைகள் ஒளிந்திருந்த இடமாக அது இருக்கக்கூடும் என்று கருதுகிறார்கள்.

1848இல் தேசியக் காங்கிரசுக்குத் தேர்வானார். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக்கொடுக்கக் குடிமக்களையும் கட்டாயப்படுத்திய 1850ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்தார். மறு ஆண்டே அந்தச் சட்டம் அவர் மாவட்டத்துக்கு வந்தது. 1851 செப்டம்பர் 11 அன்று எட்வர்ட் கோர்சச் என்ற மேரிலாந்துக்காரர் கூட்டாட்சி அதிகாரியோடு தம் அடிமைகளைத் தேடிக் கிறிஸ்டியானா என்ற சிற்றூருக்கு வந்தார். அடிமையாயிருந்து தப்பிவந்த வில்லியம் பார்க்கரின் வீட்டைச் சுற்றி மோதல் மூண்டது, கோர்சச் கொல்லப்பட்டார். முப்பதுக்கும் மேற்பட்டோர் மீது தேசத் துரோக வழக்கு. முதலில் நிறுத்தப்பட்டவர் காஸ்ட்னர் ஹான்வே, ஓர் ஆலைக்காரர், வெள்ளையர். அதிகாரிக்கு உதவ மறுத்தார் என்பதே அவர் மீதிருந்த குற்றச்சாட்டின் அடிப்படை.

பிலடெல்பியாவின் சுதந்திர மண்டபத்தில், அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் பிறந்த அதே கட்டடத்தின் மாடியில், விசாரணை நடந்தது. ஹான்வே தரப்பு வக்கீல்களில் ஒருவர் ஸ்டீவன்ஸ். இறுதி வாதத்தை ஜான் ரீட் நிகழ்த்தினார். அரசமைப்பு தேசத் துரோகத்தைக் குறுக்கி வரையறுத்திருக்கிறது: நாட்டுக்கு எதிராகப் போர் தொடுக்க வேண்டும், அல்லது அதன் பகைவரோடு சேர வேண்டும். உதவ மறுத்து நிற்பது போராகுமா? நீதிபதி கிரியரே ஆகாது என்றார். ஜூரிகள் கால் மணி நேரத்தில் ஹான்வேயை விடுவித்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் சாரிட்டியை வீழ்த்திய அதே கருவி இங்கே ஊர்மக்களைத் தூக்குமேடையிலிருந்து காப்பாற்றியது. ஆனால் ஸ்டீவன்ஸின் சொந்தக் கட்சியான விக் கட்சி அவரை மறுபடி வேட்பாளராக்கவில்லை. 1858இல்தான், இந்தமுறை குடியரசுக் கட்சிக்காரராக, மீண்டும் வென்றார்.

உள்நாட்டுப் போர்க் காலத்தில் வரி, நிதிக் குழுவின் தலைவராகப் போருக்குப் பணம் திரட்டியதைச் சுருக்கமாகச் சொல்லலாம். வருமான வரி, காகிதப் பணம், ரயில்பாதை எல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் போயின. காகிதப் பணத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போர்வீரனுக்குக் காகிதத்தில் சம்பளம், கடன்பத்திரம் வைத்திருக்கும் வங்கிக்காரருக்குத் தங்கத்தில் வட்டி என்று செனட் 1862இல் மாற்றியபோது அவர் கொதித்தெழுந்தார். வடக்கத்தித் தொழிலதிபர்களின் கையாள் செய்யும் காரியமல்ல இது. 1930இல் ஹோவர்ட் பீல் முன்வைத்த அந்தப் பொருளாதார விளக்கம், வடக்கத்தி வணிகர்களே தங்களுக்குள் பிளவுபட்டிருந்தார்கள் என்று 1959இல் ஸ்டான்லி கோபன் காட்டியதும் வலுவிழந்தது.

பழிவாங்கும் கதைக்கும் இதே கதிதான். 1863 ஜூனில், கெட்டிஸ்பர்க் போருக்குச் சில நாட்கள் முன்பு, தென்படைத் தளபதி ஜுபல் எர்லியின் வீரர்கள் ஸ்டீவன்ஸின் கலிடோனியா இரும்பாலையை எரித்துச் சாம்பலாக்கினார்கள். அந்த ஆத்திரமே அவரைத் தெற்கின் எதிரியாக்கியது என்பார்கள். கிளர்ச்சியாளர்களின் அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்று அவர் அவையில் பேசியது 1861இல். கையெழுத்திட மறுத்தது 1838இல். ஆலை எரிந்தது இவற்றுக்கெல்லாம் பின்பு. இந்த எளிய கால வரிசையைக்கூடப் பார்க்காமல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டன்னிங் வழிவந்த வரலாற்றாசிரியர்கள் அவரை அரக்கராக்கினார்கள். அதைத் திரையில் ஏற்றியது 1915இல் வந்த ‘பர்த் ஆஃப் எ நேஷன்’; அதில் வரும் ஸ்டோன்மேன் பாத்திரம் ஸ்டீவன்ஸ்தான் என்பது அன்றைய பார்வையாளர் எல்லோருக்கும் தெரியும். கறுப்பின வரலாற்றாசிரியர் டு பாய்ஸ் 1935இலேயே மாற்று வரலாறு எழுதியும் பல்கலைக்கழகங்கள் ஒரு தலைமுறைக்காலம் காதுகொடுக்கவில்லை. ஹான்ஸ் ட்ரிஃபூஸ் 1997இலும் புரூஸ் லெவின் 2021இலும் எழுதிய வாழ்க்கை வரலாறுகளுக்கு வரும்போதுதான் மனிதர் முழுதாகத் தெரிகிறார்.

போர் முடிந்ததும் சிக்கல் வேறு உருவம் எடுத்தது. அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிட்டுத் தென்மாநிலங்களுக்கு இடம் ஒதுக்கிவந்தது பழைய அரசமைப்பு. அடிமை முறை ஒழிந்ததும் அவர்கள் முழு ஆட்களாக எண்ணப்படுவார்கள். வாக்கு மட்டும் கிடையாது. போரில் தோற்ற தெற்கு, காங்கிரசில் முன்னைவிடப் பத்துக்கும் மேற்பட்ட கூடுதல் இடங்களோடு உட்காரும். 1865 டிசம்பர் 4 அன்று அவை கூடியபோது, எழுத்தர் எட்வர்ட் மெக்பர்சன் பெயர்ப் பட்டியலை வாசிக்கையில் தென்மாநில உறுப்பினர்களின் பெயர்களைத் தாண்டிச் சென்றார். மெக்பர்சன் ஸ்டீவன்ஸ் வளர்த்த ஆள். வருகைப் பதிவிலேயே முடிந்துவிட்டது முதல் போராட்டம்.

பதினான்காவது திருத்தத்தின் முதல் பிரிவை எழுதியவர் ஓஹையோ வக்கீல் ஜான் பிங்கம். ஸ்டீவன்ஸ் அதிகம் நம்பியது இரண்டாம் பிரிவை: ஆண்களுக்கு வாக்கு மறுக்கும் மாநிலம் அதற்கேற்பத் தன் இடங்களை இழக்கும். நேரடி வாக்குரிமை அதில் இல்லை. 1866 ஜூன் 13 அன்று இறுதி வாக்கெடுப்புக்கு முன், தாம் கனவு கண்ட முழுச் சமத்துவம் இதில் இல்லை என்று வருந்தி, தேவர்களிடையே அல்ல, மனிதர்களிடையே வாழ்வதால் இதை ஏற்பதாகச் சொன்னார். வழக்கில் கிடைத்ததைப் பெற்றுக்கொண்டு மிச்சத்துக்கு மேல்முறையீடு செய்யும் வக்கீலின் நிதானம் அது. அடுத்த மார்ச்சிலேயே பத்து தென்மாநிலங்களை ஐந்து ராணுவ வட்டங்களாகப் பிரித்துக் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை அளித்த மறுசீரமைப்புச் சட்டம் நிறைவேறியது.

அவருடைய தொழில்திறன் கைகொடுக்காத இடம் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் மீதான பதவிநீக்க வழக்கு. விடுதலை பெற்றவர்களைப் பழைய எஜமானர்களிடமே ஒப்படைத்த அரசியல் குற்றத்துக்கு ஜான்சன் பதில் சொல்ல வேண்டும் என்பது ஸ்டீவன்ஸின் எண்ணம். ஆனால் 1868 பிப்ரவரியில் அவை 126க்கு 47 என்ற வாக்கில் கொண்டுவந்த வழக்கு, செனட் ஒப்புதல் இல்லாமல் நீக்கக்கூடாது என்ற சட்டத்தை மீறிப் போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனை நீக்கினார் என்ற ஒரு முளையில் கட்டப்பட்டது. ஸ்டான்டனை நியமித்தவர் லிங்கன். அந்தச் சட்டம் ஜான்சன் காலத்திலும் ஸ்டான்டனுக்குப் பாதுகாப்பு தருமா என்ற சொல்விளக்கத்துக்குள் சில செனட்டர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். மே 16 அன்று ஸ்டீவன்ஸ் சேர்க்கவைத்த பதினோராம் குற்றச்சாட்டு 35க்கு 19 என்று, தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஒரு வாக்குக் குறைந்து தோற்றது. நாற்காலியில் தூக்கிவரப்பட்ட நோயாளி அவர் அப்போது. ஆகஸ்ட் 11 நள்ளிரவில் காலமானார். கறுப்பினத்தாரைச் சேர்க்காத மயானங்களில் தம்மைப் புதைக்கக் கூடாது என்று முன்பே முடிவு செய்து, அந்தத் தடை இல்லாத ஒரு சிறு மயானத்தை லங்காஸ்டரில் தேர்ந்தெடுத்திருந்தார்.

அவருக்குப் பின் நடந்தது அவர் அஞ்சியதே. இரண்டாம் பிரிவின் தண்டனை எந்த மாநிலத்தின் மீதும் ஒருமுறைகூடச் செயல்படுத்தப்படவில்லை. முதல் பிரிவை உச்ச நீதிமன்றம் 1876இல் குரூக்ஷாங்க் வழக்கிலும் 1883இல் சிவில் உரிமை வழக்குகளிலும் குறுக்கிக் குறுக்கிப் படித்தது: தனியாரின் வன்முறைக்கும் பாகுபாட்டுக்கும் அது பொருந்தாதாம். 1954இல் பள்ளிப் பிரிவினையை அதே பிரிவை வைத்து நீக்கும்வரை எண்பதாண்டு ஓடிவிட்டது.

இந்த ஆபத்துக்கு ஸ்டீவன்ஸிடம் மருந்து இருந்தது: நிலம். 1865 செப்டம்பர் 6 அன்று லங்காஸ்டரில் கணக்கோடு பேசினார். தெற்கில் 200 ஏக்கருக்கு மேல் வைத்திருக்கும் சுமார் 70,000 பேரின் நிலத்தையும் மாநிலங்களின் நிலத்தையும் சேர்த்தால் 39 கோடியே 40 லட்சம் ஏக்கர். விடுதலை பெற்ற ஆண்களில் வயது வந்தவர் பத்து லட்சம் என்று வைத்தால், ஆளுக்கு 40 ஏக்கர் வீதம் நான்கு கோடி ஏக்கர் போதும். மிச்சத்தை விற்றுப் போர்க் கடனை அடைக்கலாம். 1866 பிப்ரவரியில் இதை அவையில் வைத்தபோது 37 பேர்தான் ஆதரித்தார்கள். எதிர்த்தவர் 126, சொந்தக் கட்சியின் பெரும்பான்மையும் அதில் அடக்கம். இன்று தெற்கில் சொத்தைப் பறித்தால் நாளை வடக்கிலும் கேட்பார்கள் என்று நியூயார்க் டைம்ஸ் அஞ்சியது. மாற்றாக வந்த 1866ஆம் ஆண்டுத் தென்மாநிலக் குடியேற்றச் சட்டம் ஐந்து மாநிலங்களின் அரசு நிலத்தைத் திறந்துவிட்டது. சதுப்பும் பைன் காடுமான அந்த நிலத்துக்கு 1869 வரை முயன்ற கறுப்பினக் குடும்பங்கள் நான்காயிரம்தான். மற்றவர்கள் பழைய எஜமானரின் வயலிலேயே வாரத்துக்கு உழுதார்கள். யாருக்கு வாக்களித்தார் என்று தெரிந்தால் குடிசையைக் காலி செய்யச் சொல்வார் நிலக்காரர்.

நிலம் கொடுத்திருந்தாலும் பெரிதாக மாறியிருக்காது, பருத்தி விலை வீழ்ச்சியும் கந்துவட்டியும் அதை விழுங்கியிருக்கும் என்று வாதிடும் பொருளாதார வரலாற்றாசிரியர்கள் உண்டு. எரிக் ஃபோனர் 1974இல் எழுதிய கட்டுரையிலிருந்து இந்த விவாதம் தொடர்கிறது. வெறும் ஊகமாக இதை விட வேண்டியதில்லை, ஏனென்றால் ஸ்டீவன்ஸ் கேட்டது ஓரிடத்தில் சிறிய அளவில் நடந்திருக்கிறது. தென் கரோலினாவின் பியூஃபோர்ட் மாவட்டத் தீவுகளில், வரி கட்டாத தோட்டக்காரர்களின் நிலத்தை 1863 முதல் அரசு ஏலம் விட்டது. கறுப்பினக் குடும்பங்கள் சிறு துண்டுகளாக வாங்கிக்கொண்டன. பருத்தி விலை அங்கேயும் விழுந்தது. பணக்காரர் யாரும் ஆகிவிடவில்லை. ஆனால் செயின்ட் ஹெலினா தீவில் அந்த நிலம் தலைமுறைகளாக அவர்கள் கையை விட்டுப் போகவில்லை. 1877இல் ராணுவம் விலகி, தெற்கு முழுவதும் கறுப்பினத்தாரின் வாக்கு மிரட்டலில் கரைந்துகொண்டிருந்தபோதும், அந்த மாவட்டம் முன்னாள் அடிமையான ராபர்ட் ஸ்மால்ஸைக் காங்கிரசுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அவருடைய கடைசிப் பதவிக்காலம் முடிந்தது 1887இல். தாம் அடிமையாய்ப் பிறந்த வளாகத்தில் எஜமானர் வாழ்ந்த வீட்டை, அதே வரி ஏலத்தில் வாங்கிக் குடியிருந்தவர் ஸ்மால்ஸ். ஸ்டீவன்ஸின் நிலத் திட்டத்தை எடைபோடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய சான்று பியூஃபோர்ட்தான்.